பீவணா மூச்சைக் குடிப்பதில்லை

ராஜஸ்தானத்தின் மேற்குப் பகுதியில் ஜைசல்மேர், பார்மேர், ஜோத்பூர், பிகானேர் ஆகிய ஜில்லாக்களை அடக்கிக்கொண்டு, தேச எல்லைக்கு அப்பால் சிந்து மாகாணத்தின் தார்பார்க்கர் வரையில் பரந்து கிடக்கும் தார்ப் பாலைவனத்தில், பீவணா என்னும் பாம்பைப் பற்றித் தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் நம்பிக்கையைப் போல, கேட்பதற்கு விசித்திரமாகவும் விளைவில் கொடியதாகவும் இருக்கும் நம்பிக்கை வேறொன்று உண்டென்று எனக்குத் தோன்றவில்லை. மூச்சைக் குடிப்பதனாலேயே அதற்கு அந்தப் பெயர் வந்ததாகச் சொல்லுவார்கள். அது யாரையும் கடிப்பதில்லை என்றும், நள்ளிரவில் ஓசையின்றி வீட்டுக்குள் புகுந்து, உறங்குகிறவனுடைய மார்பின்மேல் ஏறி, அவன் நாசிக்கு நேராகத் தன் வாயை வைத்து, அவன் விடுகிற மூச்சையெல்லாம் குடித்துவிட்டுத் தன் விஷ மூச்சை அவனுக்குள்ளே செலுத்துகிறது என்றும், திரும்பிப் போகும்போது வாலால் ஓர் அடி கொடுத்துவிட்டுப் போகிறது என்றும் கதை வளரும். விடியற்காலையில் அவனுடைய தொண்டைக்குள் கொப்புளம் கண்டிருக்கும், பேச்சுக் குழறும், இமைகள் தாமாக மூடிக்கொள்ளும், கடைசியில் மூச்சு நின்றுபோகும்.

இந்த நம்பிக்கை பொய் என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. இது மனிதர்களைக் கொல்லுகிற பொய்.

அந்தப் பாம்பு இன்னதென்பதில் இப்போது பெரிய சந்தேகம் ஒன்றும் கிடையாது. 1897-ஆம் ஆண்டில் பூலஞ்சர் என்ற பிராணிநூல் அறிஞர் சிந்து தேசத்தின் பெயரையே சூட்டி வர்ணித்த கட்டுவிரியன் அது; நம்முடைய வயல்வெளிகளிலும் கிராமத்து வீடுகளிலும் காணப்படுகிற கட்டுவிரியனுக்கு மிக நெருங்கிய உறவு. பளபளக்கும் கருமேனி, அதன்மேல் மெல்லிய வெண்பட்டைகள், முதுகின் நடுவரிசையில் அறுகோண வடிவமான பெரிய செதில்கள் ஆகிய இவை இரண்டுக்கும் பொது; உடலின் நடுப்பகுதியில் குறுக்காக எண்ணினால் நம் பாம்புக்கு 15 வரிசைச் செதில்களும் அதற்கு 17 வரிசைச் செதில்களும் இருக்கும். பகலில் எலி வளைகளிலும் சுவர் வெடிப்புகளிலும் விறகுக் குவியல்களுக்கு அடியிலும் அசையாமல் கிடந்து, இருட்டிய பிறகு எலிகளையும் பல்லிகளையும் பிற பாம்புகளையும் தேடிப் புறப்படுவது அதன் இயல்பு. மணல்மேடுகளுக்கு நடுவே டாணி என்று வழங்கும் சிறு குடியிருப்புகளில், மண்சுவர் எழுப்பிப் புல் வேய்ந்த வட்டக் குடிசைகளில் மனிதன் கம்பு தானியத்தைச் சேர்த்து வைக்கிறான்; தானியத்தை நாடி எலி வருகிறது; எலியை நாடிப் பாம்பு வருகிறது. மழைக்காலத்துப் புழுக்கத்தில் வீட்டார் அனைவரும் தரையிலோ முற்றத்திலோ பாயை விரித்துப் படுத்திருக்க, இரையின் வழியே ஊர்ந்து வந்த பாம்பின்மேல் தூக்கத்தில் புரளுகிற ஒருவனுடைய கையோ காலோ படுகிறது, பாம்பு கடித்துவிடுகிறது. மனிதனுடைய மூச்சின்மேல் அதற்கு ஆசையும் இல்லை, பகையும் இல்லை.

கடித்ததானால் கடிவாய் எங்கே, வலி எங்கே, வீக்கம் எங்கே என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். பாலைவனத்து ஜனங்களை இந்த நம்பிக்கைக்குள் கொண்டுவந்து நிறுத்தியது மூடத்தனம் அல்ல, கண்கூடான அநுபவம். அதே நாட்டில் மணலில் மறைந்து கிடக்கும் சுருட்டை விரியன் கடித்தால், கடித்த இடம் வீங்கும், எரியும், ஈறுகளில் ரத்தம் கசியும். பாம்புக்கடி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று கண்டு பழகியவர்கள் அவர்கள். கட்டுவிரியனின் கடியோ அந்த லட்சணங்களில் எதற்கும் உட்படாதது. அதன் நச்சுப்பற்கள் மிகவும் சிறியவை. உறங்குகிறவனை அநேகமாக எழுப்புவதுகூட இல்லை. கூர்ந்து தேடினாலும் பல வேளைகளில் தடம் அகப்படுவதில்லை. விஷம் சதையை அழிக்காமல், நரம்பு தசையோடு சேருகிற இடத்தை நாடிச் சென்று, நரம்பின் கட்டளை தசைக்கு எட்டாதபடி செய்துவிடுகிறது. 1963-ஆம் ஆண்டில் தைவான் நாட்டில் சாங், லீ என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அந்நாட்டுக் கட்டுவிரியனின் விஷத்தைப் பகுத்து, நரம்பின் நுனியைத் தாக்கும் பொருளையும், தசையின் பக்கத்தில் செய்தியை வாங்கிக்கொள்ளும் வாசலை அடைக்கும் பொருளையும் தனித்தனியே பிரித்துக் காட்டினார்கள். அடிவயிற்றில் வலியோடு ஒருவன் விழித்துக்கொள்கிறான், கண்ணிமைகளை உயர்த்த முடியவில்லை, நாக்குப் புரளவில்லை, எச்சிலை விழுங்க முடியாமல் தொண்டை அடைக்கிறது, மார்பின் தசைகளும் உதரவிதானமும் ஓய்கின்றன, மூச்சு நிற்கிறது. தொண்டையில் ஏதோ நேர்ந்துவிட்டது என்றும், மூச்சுக்குத்தான் ஆபத்து வந்தது என்றும் அந்த மக்கள் கண்டது முழுவதும் வாஸ்தவம். கண்டதிலிருந்து காரணத்தை ஊகித்த இடத்தில் பிசகு நேர்ந்தது. பிசகு பரம்பரையாகி, பரம்பரை பிரமாணமாகிவிட்டது.

பாம்பின் சரீர அமைப்பை ஒருமுறை பார்த்தவர்கள் இந்தக் கதையை ஒப்ப முடியாது. விஷம் சுரக்கும் பைகள் கண்ணுக்குப் பின்புறம் இருக்கின்றன; அங்கிருந்து ஒரு குழாய் நச்சுப்பல்லின் அடிக்கு வருகிறது; பல்லின் வழியாகவன்றி விஷத்துக்கு வெளியேற வேறு மார்க்கம் இல்லை. மூச்சோ வாயின் அடித்தளத்தில் உள்ள சிறு துவாரத்தின் வழியே நுரையீரலுக்குச் சென்று அதன் வழியே திரும்புகிறது. இரண்டு பாதைகளும் எங்கும் கலப்பதில்லை. மேலும், பாம்பின் விஷம் புரதப் பொருள்களால் ஆனது. கற்பூரம் போல ஆவியாகிக் காற்றில் கலந்து, ஒருவன் மூக்கில் ஏறக்கூடிய சரக்கு அல்ல. இந்த மயக்கம் ராஜஸ்தானத்துக்கு மட்டும் உரியதென்று யாரும் இகழ வேண்டியதும் இல்லை. அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில் வாழும் கிலா என்ற விஷப்பல்லியின் மூச்சுப் பட்டாலே மனிதன் இறந்துபோவான் என்று சென்ற நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டில் அங்குக் குடியேறியவர்கள் நம்பினார்கள். இன்று அந்தப் பல்லி அங்கே சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. அதன் உமிழ்நீரில் கண்ட ஒரு பொருளைக் கொண்டு நீரிழிவுக்கு மருந்து செய்து, 2005-ஆம் ஆண்டு முதல் வழங்குகிறார்கள்.

கட்டுவிரியன் கடித்து, கடித்ததைத் தன் கண்ணால் கண்டு, அதன் பிறகு நேர்வது அனைத்தையும் தெரிந்தே அநுபவித்த ஒருவருடைய சரித்திரம் இருக்கிறது. சான்பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஜோசப் ஸ்லோவின்ஸ்கி, 2001-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் பர்மாவின் வடகோடி வனங்களில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது, பைக்குள் இருந்த ஒரு சின்னஞ்சிறு கட்டுவிரியன் அவருடைய விரலைக் கடித்தது. பெரிய வலியில்லை, வீக்கம் இல்லை. சில மணி நேரத்தில் இமைகள் சோர்ந்தன, பேச்சுப் போயிற்று, மூச்சு ஓய்ந்தது. பீவணா குடித்ததாகச் சொல்லப்படும் மனிதனுக்கு நேர்வதில் ஒன்றுகூடக் குறையாமல் அவருக்கும் நேர்ந்தது. மார்பில் ஏறி எந்தப் பாம்பும் அவருடைய மூச்சைக் குடித்திருக்கவில்லை. அவருடைய தோழர்கள் செய்த காரியத்தை நினைக்கும்போது மனம் கனக்கிறது. அவர் வாயில் தங்கள் வாயை வைத்து, ஒருவர் மாற்றி ஒருவராக, ஒரு நாளுக்கும் மேலாக அவருக்காக மூச்சு விட்டுக்கொண்டே இருந்தார்கள். மழையிலும் மேகத்திலும் உதவி வந்து சேர முடியாமற்போனதால் அவர் இறந்தார். செயற்கைச் சுவாசக் கருவி உள்ள ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் அவர் பிழைத்திருக்க இடமுண்டு.

இந்த இடத்தில்தான் பீவணாக் கதையின் முழுக் கொடுமையும் வெளிப்படுகிறது. மூச்சைப் பாம்பு குடித்துவிட்டது என்று நம்புகிறவன், குடித்ததைத் திரும்பக் கொடுப்பாரில்லை என்றும் நம்புகிறான். மூச்சு நின்றவுடன் எல்லாம் முடிந்ததென்று உறவினர் அழத் தொடங்கிவிடுகிறார்கள். உண்மையில் அப்போது அந்த மனிதனுடைய இருதயம் அடித்துக்கொண்டிருக்கலாம். கண்மணிகள் விரிந்து, விரல்கூட அசையாமல், பிணமென்று காண்பவர் மயங்கும்படி கிடந்தாலும், சுற்றிலும் பேசுவது அவன் காதில் விழுந்துகொண்டிருக்கலாம். அவனுக்கு வேண்டியது காற்று. பையை அழுத்தியோ கருவியை வைத்தோ சில நாட்கள், சிலருக்குச் சில வாரங்கள், மூச்சை நடத்திக் கொடுத்தால், நரம்பு நுனிகள் மறுபடியும் தழைத்து, அவன் எழுந்து உட்காருவான். அப்படி எழுந்தவர்கள் நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் அநேகர்.

மாறாக, கதையை நம்பும் வீட்டில் என்ன நடக்கிறது? கடியைத் தேடுவதில்லை, வாயைத் திறந்து கொப்புளத்தைத் தேடுகிறார்கள். கிராமத்து வைத்தியர் தொண்டைக்குள் விரலை விட்டு அதை உடைக்க முயலுகிறார். நெய்யையோ கஷாயத்தையோ வாயில் ஊற்றுகிறார். விழுங்கும் தசைகள் செயலற்றுப்போன ஒருவனுடைய வாயில் ஊற்றுகிற நெய் வயிற்றுக்குப் போகாது. நேராக நுரையீரலுக்குள் இறங்கும். பாம்பு பாதி செய்து விட்டுப்போனதை அன்புள்ள கைகள் முடித்துவிடுகின்றன. இதைச் சொல்லும்போது அந்த வைத்தியரையோ வீட்டாரையோ நான் நிந்திக்கவில்லை. ஆஸ்பத்திரி எத்தனையோ மைல் தூரத்தில் இருக்க, இருட்டில், மணலில், தன் பிள்ளை மூச்சுத் திணறுவதைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் இருக்க எந்தத் தகப்பனால் முடியும்? அவன் கைக்குத் தவறான காரியத்தைக் கொடுத்த நம்பிக்கையை நான் நிந்திக்கிறேன்.

வைத்தியத்தால் பிழைத்தவர்களை எங்கள் ஊரில் கண்டிருக்கிறோம் என்று சாட்சி சொல்ல வருகிறவர்கள் உண்டு. கண்டிருப்பார்கள்; ஆனால் பாம்பு கடிக்கும் ஒவ்வொரு முறையும் விஷம் இறங்குவதில்லை, இறங்கினாலும் எப்போதும் கொல்லும் அளவு இறங்குவதில்லை; இரவில் விஷமற்ற பாம்பு கடித்ததும், வேறு நோயால் தொண்டை கட்டிக்கொண்டதும் பீவணாவின் கணக்கிலேயே சேர்ந்துவிடுகின்றன. தானே பிழைத்தவன் வைத்தியருக்குப் புகழாகிறான். இறந்தவன் விதிக்குக் கணக்காகிறான். கோகாஜியையும் தேஜாஜியையும் பாம்புக்கடியிலிருந்து காக்கும் தெய்வங்களாக வணங்குகிற ஜனங்களின் பக்தியைப் பற்றி எனக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்ல உரிமையில்லை. நேர்த்திக்கடனை நோயாளி குணமாகி வந்தபின் அவன் கையாலேயே செலுத்தலாம் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன்.

இன்னும் சிலர், கதை பொய்யானாலும் அச்சத்தைத் தருகிறது, அச்சம் மனிதனை ஜாக்கிரதையாக வைக்கிறது என்று சமாதானம் சொல்லுகிறார்கள். எதைப் பற்றிய ஜாக்கிரதை? மூச்சைத் தேடி வருகிற பாம்புக்குக் கட்டில் எம்மாத்திரம், கொசுவலை எம்மாத்திரம்? அது எங்கும் ஏறும், எப்படியும் வரும். எலியைத் தேடி வந்து, கை பட்டதால் கடிக்கிற பாம்பையோ தடுக்க முடியும். கட்டிலில் படுத்து, வலையின் ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகிக்கொள்வது, தானியத்தைப் படுக்கை அறையில் வைக்காமலிருப்பது, இரவில் வெளியே போக விளக்கை எடுத்துக்கொள்வது ஆகிய அற்பமான காரியங்களே அதற்குப் போதும். நேபாளத்தின் தென்கிழக்குச் சமவெளியில் நடத்திய ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2007-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வலைக்குள் உறங்குகிறவர்களைப் பாம்பு கடிப்பது மிகக் குறைவு என்று அதில் கண்டிருக்கிறார்கள். உண்மைக் காரணத்தை அறிந்தவனுடைய அச்சத்துக்குத்தான் பரிகாரம் உண்டு.

கடைசியாக ஒன்று, எல்லாவற்றிலும் பெரிது. 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் மாண்டவர்கள் சுமார் 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் என்று வீடு வீடாக விசாரித்து மதிப்பிட்டிருக்கிறார்கள். அரசாங்க ஆஸ்பத்திரிகளின் கணக்கில் ஏறுவது அதில் ஒரு சிறு பங்கே. பீவணா மூச்சைக் குடித்து இறந்தான் என்று ஊரார் முடிவுசெய்த மனிதன் எந்தக் கணக்கில் ஏறுவான்? விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தைக் குதிரைகளுக்கு ஏற்றித் தயாரிக்கப்படுவது. அந்த விஷத்தின் பெரும்பகுதி நம்முடைய மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில், 1978-ஆம் ஆண்டு தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தில், இருளர்கள் தமிழ்நாட்டுப் பாம்புகளிடமிருந்து எடுத்துக் கொடுப்பது. அவர்களால் பிழைத்த உயிர்களுக்கு அளவில்லை. ஆயினும் தெற்கத்திக் கட்டுவிரியனின் விஷத்தைக் கொண்டு செய்த மருந்து தார்ப் பாலைவனத்துக் கட்டுவிரியனுக்குச் சரியாக வேலை செய்வதில்லை என்று பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் 2019-ஆம் ஆண்டில் கண்டார்கள். எலிகளில் சோதித்தபோது அதன் விஷம் நல்ல பாம்பின் விஷத்தைக் காட்டிலும் ஏறக்குறைய 40 மடங்கு கடுமையாக இருந்தது. ஆகையால் அந்தப் பிரதேசத்துப் பாம்பின் விஷத்தைச் சேர்த்துப் புதிதாக ஒரு மருந்து செய்தாக வேண்டும். ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் சுவாசக் கருவியும், அதை இயக்கத் தெரிந்தவர்களும் இருந்தாக வேண்டும். இவற்றைக் கேட்டு வாங்கும் உரிமை பார்மேர் ஜில்லாவின் மணற்காட்டில் ஆடு மேய்க்கிறவனுக்கும் உண்டு. ஆனால் கணக்கில் இல்லாத சாவுக்கு யாரும் மருந்து செய்ய மாட்டார்கள். விடியற்காலையில் வயிற்று வலியோடும் சோர்ந்த இமைகளோடும் ஒருவன் எழுந்தால், வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து, அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், கட்டுவிரியன் கடித்திருக்கிறது என்று டாக்டரிடம் சொல்லி, அவருடைய பதிவேட்டிலும் அவ்வாறே எழுதச் செய்ய வேண்டும்.