யார் வீட்டுப் பிள்ளைகள்?

அமெரிக்காவில் மார்ச் மாதம் பிறந்துவிட்டால் கல்லூரிக் கூடைப்பந்து ரசிகர்களுக்கு ஊணும் உறக்கமும் இரண்டாம் பட்சமாகிவிடுகின்றன, நாட்டுக் கல்லூரிகளின் மாபெரும் பந்தயம் ஒருபுறம் நடந்துகொண்டிருக்க, அந்தக் கல்லூரிகள் பிராந்தியவாரியாகச் சேர்ந்து அமைத்துக்கொண்டிருக்கும் கான்ஃபரன்ஸ் என்ற கூட்டமைப்புகளில் எது உயர்ந்தது என்னும் வாக்குவாதம் மறுபுறம் கிளம்பி, வெற்றி தோல்விக் கணக்குகளையெல்லாம் சுற்றிவிட்டு, கடைசியில் "எங்கள் கூட்டமைப்பிலிருந்து எத்தனை பேர் என்.பி.ஏ.வுக்குப் போயிருக்கிறார்கள், தெரியுமா?" என்ற கேள்வியில் வந்து நின்றுவிடுகிறது. தொழில்முறை ஆட்டக்காரர்களை உற்பத்தி செய்வதே ஒரு கூட்டமைப்பின் யோக்கியதைக்குச் சரியான உரைகல் என்ற அபிப்பிராயம் அங்கே வெகுகாலமாக வேரூன்றியிருக்கிறது. அந்த உரைகல்லைக் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

தலைகளை எண்ணுவதுதான் நோக்கமானால் விவகாரம் அதிக நேரம் பிடிக்காது. 1953இல் தென்கிழக்குக் கல்லூரிகள் சில பழைய கூட்டமைப்பொன்றிலிருந்து பிரிந்துவந்து ஸ்தாபித்த அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ், அதாவது ஏ.சி.சி., டேவிட் தாம்ப்ஸன், ரால்ஃப் சாம்ப்ஸன், ஜேம்ஸ் வொர்த்தி, மைக்கேல் ஜார்டன், கிராண்ட் ஹில், டிம் டங்கன் என்று பெயர்களை அடுக்கத் தொடங்கினால் எதிர்க்கட்சிக்காரர் பாதியிலேயே எழுந்து போய்விடுவார். தென்கிழக்கின் மற்றொரு கூட்டமைப்பான எஸ்.இ.சி.யின் ரசிகர்கள் மட்டும் போகாமல் உட்கார்ந்து, 2010ஆம் வருஷத்து டிராஃப்டில், அதாவது என்.பி.ஏ. அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களைப் பொறுக்கியெடுக்கும் அந்த வருஷாந்தரச் சடங்கில், கென்டக்கி என்ற ஒரே கல்லூரியிலிருந்து முதல் சுற்றிலேயே ஐவர் எடுக்கப்பட்டதையும், 2012இலும் 2015இலும் அறுவர் அறுவராகப் போனதையும் எடுத்துக்காட்டுவார்கள். ஒரு கல்லூரியின் சம்பாத்தியத்தைக் கூட்டமைப்பு முழுவதற்கும் பங்கு பிரித்துக் கொடுப்பது நியாயமா என்று கேட்டால் அவர்களிடம் பதில் இராது, ஏ.சி.சி.க்காரர்களிடம் நார்த் கரோலினாவையும் டியூக்கையும் கழித்துவிட்டுக் கணக்குச் சொல்லுங்கள் என்றால் அவர்களுக்கும் குரல் கம்மிவிடும்.

ஆனால் என் ஆட்சேபம் அதைவிட அடிப்படையானது. கரீபியன் கடலிலுள்ள செயின்ட் குரோய் என்ற சிறு தீவில் நீச்சல் வீரனாக வளர்ந்துகொண்டிருந்த டிம் டங்கன், 1989இல் ஹியூகோ புயல் அடித்துத் தீவின் பெரிய நீச்சல் குளத்தை நாசமாக்கிவிட, இனிமேல் கடலில்தான் பயிற்சி என்று சொல்லப்பட்டபோது சுறாமீனுக்கு அஞ்சி நீச்சலைக் கைவிட்டு, அதன்பிறகே கூடைப்பந்தைக் கையில் எடுத்தவர். 1993இல் வட கரோலினாவின் வேக் ஃபாரஸ்ட் கல்லூரிக்கு அவர் வந்தபோது அவரைப் பெரிதாக நினைத்தவர்கள் மிகக் குறைவு. முதல் ஆட்டத்தில் அவர் ஒரு புள்ளி கூட எடுக்கவில்லை. பட்டம் பெற வேண்டும் என்பது காலஞ்சென்ற தாயாருக்கு அவர் அளித்திருந்த வாக்கு. ஆகவே இடையில் கோடிக்கணக்கான டாலர்கள் கைநீட்டி அழைத்தபோதும் போகாமல், நான்கு வருஷமும் அங்கேயே இருந்து, மனோதத்துவத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு, 1997இல் நாட்டின் முதல் தேர்வாக சான் அன்டோனியோவுக்குப் போனார். ஐந்து சாம்பியன் பட்டங்களும் அங்கே அவருக்காகக் காத்திருந்தன. கைரி இர்விங் என்பவரோ 2010இல் டியூக்கில் சேர்ந்து, கால் விரலில் காயம்பட்டு, மொத்தம் பதினோரு ஆட்டங்கள் ஆடிவிட்டு, 2011இன் முதல் தேர்வாகக் கிளம்பிப் போனவர். இருவரும் அபார ஆட்டக்காரர்கள் என்பதில் சந்தேகமில்லை, இருவருமே ஏ.சி.சி. பட்டியலில் ஆளுக்கு ஒன்று என்று சமமாக எண்ணப்படுகிறார்கள். ரயில் நின்ற ஐந்து நிமிஷத்தில் பிளாட்பாரத்தில் இறங்கி இரண்டு இட்லி தின்றுவிட்டுப் போனவரை எங்கள் ஊர்ச் சோற்றில் வளர்ந்தவர் என்று ஓர் ஊரார் உரிமை கொண்டாடினால் நாம் சிரிப்போமா, மாட்டோமா?

கென்டக்கியின் 2015ஆம் வருஷத்து அறுவரில் ஒருவரான டெவின் புக்கர் அந்தக் கல்லூரியில் இருந்த ஒரே பருவத்தில் ஓர் ஆட்டத்திலாவது தொடக்க ஐவரில் இடம் பெற்றதில்லை. பெஞ்சிலிருந்து எழுந்து வந்து ஆடியவர். இரண்டு வருஷம் கழித்து அவரே பாஸ்டனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 70 புள்ளிகள் குவித்தார். அவரைக் கென்டக்கி உருவாக்கிற்றா, ஒளித்துவைத்திருந்ததா என்பதை வாசகர்களின் தீர்ப்புக்கே விட்டுவிடுகிறேன்.

எல்லைக் குழப்பம் வேறு இருக்கிறது. கூட்டமைப்புகளின் எல்லைகள் தொலைக்காட்சிப் பணத்தின் போக்குக்கு ஏற்ப நகர்ந்துகொண்டே இருப்பதால், பயிற்சியாளர் ஜான் உட்டனின் சிஷ்யராக லாஸ் ஏஞ்சல்ஸில் பயின்ற கரீம் அப்துல் ஜப்பார் பசிபிக் கரைக் கூட்டமைப்பின் பெருமையாகவே காலமெல்லாம் இருந்திருக்க, அவருடைய கல்லூரி 2024இல் மத்திய மேற்குப் பகுதியின் பிக் டென்னில் போய்ச் சேர்ந்துவிட்டது. டுவேன் வேட் 2003இல் மார்க்கெட் கல்லூரியிலிருந்து புறப்பட்டபோது அது கான்ஃபரன்ஸ் யு.எஸ்.ஏ.யில் இருந்தது, பிக் ஈஸ்டுக்கு அது இடம்பெயர்ந்தது 2005இல். ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் இப்போது அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பின் அங்கத்தினர்கள். பூகோள ஆசிரியர்கள் பொறுத்தருள வேண்டும்.

இவற்றையெல்லாம் வேடிக்கை என்று தள்ளிவிடலாம். தள்ள முடியாதது ஒன்று உண்டு. வேக் ஃபாரஸ்ட் இருப்பது வின்ஸ்டன்-சேலம் என்ற நகரத்தில். அதே நகரத்தில், கறுப்பின மாணவர்களுக்காக ஏற்பட்ட வின்ஸ்டன்-சேலம் ஸ்டேட் என்ற கல்லூரியும் இருக்கிறது. 1963 முதல் 1967 வரையில் அங்கே கிளாரன்ஸ் கெய்ன்ஸ் என்ற பயிற்சியாளரிடம் எர்ல் மன்ரோ என்ற பிலடெல்ஃபியா இளைஞர் பயின்றார். கடைசி வருஷத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 41.5 புள்ளிகள் எடுத்து, தம் கல்லூரிக்குத் தேசியச் சிறு கல்லூரிப் பட்டத்தையும் வாங்கித் தந்தார். உள்ளூர்ப் பத்திரிகை அவர் எடுத்த புள்ளிகளை 'எர்லின் முத்துக்கள்' என்று வருணிக்கப்போய், முத்து என்பதே அவருக்குப் பட்டப்பெயராகிவிட்டது. 1967இல் நாட்டின் இரண்டாவது தேர்வு அவர். டங்கன் பின்னாளில் பேரெடுத்த அதே நகரத்தில், அவருக்கு ஒரு தலைமுறைக்கு முன்னால், அவருக்கு இணையான ஒரு கலைஞர் ஆடிக்கொண்டிருந்தார்; ஆனால் ஏ.சி.சி.யின் கணக்கில் அவர் இல்லை. அந்தக் கூட்டமைப்பின் கூடைப்பந்துக் களத்தில் முதல் கறுப்பின ஆட்டக்காரர் காலெடுத்து வைத்ததே 1965இல், அதுவும் மேரிலாண்டில்தான். பாஸ்டன் அணிக்காகப் பத்து சாம்பியன் பட்டங்கள் வென்ற சாம் ஜோன்ஸும் இப்படித்தான்: டியூக் பல்கலைக்கழகம் கொலுவிருக்கும் அதே டர்ஹாம் நகரத்தில், கறுப்பின மாணவர்களின் நார்த் கரோலினா கல்லூரியில் பயின்றவர்.

எஸ்.இ.சி.யின் கதை இன்னும் தாமதமானது. வாண்டர்பில்ட்டின் பெர்ரி வாலஸ் அந்தக் கூட்டமைப்பின் முதல் கறுப்பினக் கூடைப்பந்து வீரராகக் களமிறங்கியது 1967இல். அதற்கு முந்திய வருஷம்தான், வெள்ளையர் மட்டுமே கொண்ட கென்டக்கி அணியை, ஐந்து கறுப்பினத்தவரைத் தொடக்கத்தில் இறக்கிய டெக்ஸஸ் வெஸ்டர்ன் தேசிய இறுதி ஆட்டத்தில் தோற்கடித்திருந்தது. ஆகவே பழைய வருஷங்களின் பட்டியல்களைப் புரட்டும்போது, அவற்றில் உள்ள பெயர்களைப் போலவே, வாசலிலேயே தடுக்கப்பட்டவர்களின் பெயர்களும் கூட்டமைப்பைப் பற்றிச் சாட்சி சொல்லுகின்றன என்பதை மறக்கலாகாது.

நிறத்தின் காரணமாக அன்றி, கண் தப்பியோ கால நேரம் கூடாமலோ பெரிய கூட்டமைப்புகள் கோட்டைவிட்டவர்களின் வரிசையும் நீளமானது. லாரி பேர்ட் 1974இல் பிக் டென்னின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர். அந்தப் பெருங்கூட்டத்தில் மனம் ஒட்டாமல், ஆட்டப் பருவம் தொடங்குவதற்கு முன்பே ஊர் திரும்பி, குப்பை வண்டி வேலை உட்பட நகரசபைப் பணிகள் செய்துவிட்டுத்தான் அடுத்த வருஷம் இந்தியானா ஸ்டேட்டுக்குப் போனார். 1979இன் இறுதி ஆட்டத்தில் பிக் டென்னின் மேஜிக் ஜான்ஸன் அவரை வென்றார் என்று பிக் டென் ரசிகர்கள் இன்றும் மார்தட்டுகிறார்கள்; ஆனால், கொஞ்சம் பரிவு காட்டியிருந்தால் இருவருமே அவர்களுடைய கணக்கில் வந்திருப்பார்கள்.

ஸ்டீஃபன் கறியின் கதையோ பிரசித்தம். அவர் சேரவேண்டிய சமயத்தில் ஏ.சி.சி.யில் இருந்த, தந்தை ஆடிய வர்ஜீனியா டெக் கல்லூரி அவருக்கு உபகாரச் சம்பளம் கொடுக்கத் துணியவில்லை. வேண்டுமானால் சொந்தச் செலவில் வந்து சேரலாம் என்றது. அவர் சார்லட் நகருக்குச் சற்று வடக்கே உள்ள டேவிட்ஸன் என்ற சின்னஞ்சிறு கல்லூரிக்குப் போனார். முதல் ஆட்டத்தில் பதின்மூன்று தடவை பந்தை எதிரணியிடம் பறிகொடுத்தார். பயிற்சியாளர் பாப் மெக்கிலப் அவரை உட்கார்த்திவைக்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் மிஷிகனுக்கு எதிராக 32 புள்ளிகள் எடுத்தார். பெரிய கூட்டமைப்பொன்றில் அவர் சேர்ந்திருந்தால் அந்தப் பதின்மூன்று தவறுகளுக்குப் பிறகு எத்தனை வாரம் பெஞ்சில் கிடந்திருப்பாரோ! மூன்று வருஷம் அங்கே ஆடி, 2009இல் ஏழாவது தேர்வாகக் கோல்டன் ஸ்டேட்டுக்குப் போனார். அப்போது டேவிட்ஸன் இருந்த சதர்ன் கான்ஃபரன்ஸை, ஆட்டக்காரர்களை உற்பத்தி செய்யும் கூட்டமைப்புகளின் வரிசையில் எவரும் பேச்சுக்குக்கூடச் சேர்ப்பதில்லை.

இப்படியெல்லாம் சொல்வதால் கூட்டமைப்பு என்பது ஆட்ட அட்டவணை போடவும் வருமானத்தைப் பங்கிடவும் ஏற்பட்ட அலுவலகமே தவிர வேறில்லை என்று நான் சாதிப்பதாக நினைக்க வேண்டாம். வாரந்தோறும் யாரை எதிர்த்து ஆடுகிறோம் என்பது ஓர் இளைஞனைச் செதுக்கத்தான் செய்கிறது. இதற்கு நான் கண்ட சிறந்த உதாரணம், டேவ் கேவிட் என்ற தீர்க்கதரிசியின் முயற்சியால் 1979இல் தோன்றிய பிக் ஈஸ்ட். 1984–85 பருவத்தில் ஜார்ஜ்டவுனின் பேட்ரிக் யூயிங்கும் செயின்ட் ஜான்ஸின் கிரிஸ் மல்லினும் நான்கு முறை எதிரெதிரே நின்றார்கள். முதல் ஆட்டத்தில் செயின்ட் ஜான்ஸ் வென்றது. அதன் பயிற்சியாளர் லூ கார்னசெக்கா அணிந்திருந்த கண்ணைப் பறிக்கும் ஸ்வெட்டர் ராசியானது என்று நியூயார்க் முழுவதும் பேச்சாகிவிட்டது. பிப்ரவரியில் மாடிஸன் ஸ்குவேர் கார்டனில் இரு அணிகளும் மறுபடி சந்தித்தபோது, ஜார்ஜ்டவுனின் ஆஜானுபாகுவான பயிற்சியாளர் ஜான் தாம்ப்ஸன் ஒன்றும் அறியாதவர் போல நடந்துவந்து, மேல்கோட்டைத் திறந்து காட்ட, உள்ளே அதே ஸ்வெட்டரின் கோலம் போட்ட சட்டை! அரங்கமே சிரித்தது, சிரித்து ஓய்ந்தபின் ஜார்ஜ்டவுன் வென்றது. பிறகு நடந்த இரண்டு ஆட்டங்களிலும் அதுவே வென்றது. அந்த வருஷம் தேசியப் பந்தயத்தின் கடைசி நான்கு அணிகளில் மூன்று பிக் ஈஸ்டைச் சேர்ந்தவை. இறுதி ஆட்டத்தில் ஜார்ஜ்டவுனை இரண்டே புள்ளிகளில் வீழ்த்திய வில்லனோவாவும் அவற்றில் ஒன்று. யூயிங்கும் மல்லினும் நான்கு வருஷம் முழுவதும் கல்லூரியில் இருந்தவர்கள். ஒருவரை ஒருவர் மறித்தும் அளந்துமே முதிர்ந்தவர்கள். இங்கே 'உற்பத்தி' என்ற சொல்லைக் கூசாமல் உபயோகிக்கலாம்.

அந்தக் காலம் போய்விட்டது. 2006ஆம் வருஷத்து டிராஃப்ட் முதல், டிராஃப்ட் நடக்கும் வருஷத்துக்குள் பத்தொன்பது வயதை எட்டுவதாய் இருந்து, பள்ளிப் படிப்பு முடிந்து ஒரு வருஷமாவது கழிந்தாலன்றி அமெரிக்க இளைஞர் எவரும் என்.பி.ஏ.யில் நுழைய முடியாது என்று விதி ஏற்பட்டதிலிருந்து, கெட்டிக்காரப் பையன்களுக்குக் கல்லூரி ஒரு வருஷத் தங்குமிடமாகிவிட்டது. கெவின் டுரான்ட் டெக்ஸஸில் தங்கியதும் அவ்வளவுதான். இன்னொரு பக்கம், கல்லூரி வாசலையே மிதிக்காத கிரேக்க தேசத்து யானிஸும் செர்பியாவின் யோகிச்சும் 2019 முதல் 2022 வரை நான்கு வருஷம் தொடர்ந்து தலைசிறந்த ஆட்டக்காரர் விருதைத் தங்களுக்குள்ளேயே பகிர்ந்துகொண்டார்கள். 2015இல் டல்லாஸ் அணி 52ஆவது தேர்வாக எடுத்த நம் பஞ்சாபின் சத்னாம் சிங்கும் எந்தக் கூட்டமைப்பின் கணக்கிலும் சேராதவரே.

ஆகவே என் தீர்ப்பு இது: பெயர்களின் எண்ணிக்கையும் ஜொலிப்பும் பிரதானம் என்பவர்களுக்கு ஏ.சி.சி.; ஆட்டக்காரர்களை உண்மையாகவே வளர்த்த இடம் எது என்று கேட்பவர்களுக்கு, யூயிங்கின் வருகையிலிருந்து 1996இல் ஆலன் ஐவர்ஸனும் ரே ஆலனும் புறப்பட்டுச் சென்றது வரையிலான பிக் ஈஸ்ட். 2006க்குப் பிந்திய கணக்குகளை நான் பொருட்படுத்துவதில்லை. வாசகர்களில் எவரேனும் இப்படிப்பட்ட பட்டியல் போடும் பழக்கமுள்ளவராக இருந்தால் அவரிடம் ஒரு விண்ணப்பம்: ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அந்த ஆட்டக்காரர் தம் கல்லூரிக்காக ஆடிய ஆட்டங்கள் எத்தனை என்பதையும் தயவுசெய்து எழுதிவையுங்கள். டங்கனுக்கு 128, இர்விங்குக்கு 11.