லூட் பாக்ஸ்: பிள்ளைகளின் கைப்பேசிக்குள் நுழைந்த மைஸிர்

வீடியோ கேம் பற்றிய பேச்சு நம் வீடுகளில் எழும்போது பெற்றோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் மூன்று. அதில் இரத்தம் தெறிக்கிறதா? ஆபாசம் உண்டா? தொழுகை நேரம் தவறிப்போகிறதா? மூன்றும் கேட்கப்பட வேண்டியவையே. ஆயினும் நான்காவதாக ஒரு கேள்வி இருக்கிறது. நம்முள் மிகச் சிலரே அதைக் கேட்கிறோம். காசு கொடுத்த பிறகே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவரும் பெட்டி எதுவும் அந்த விளையாட்டில் விற்கப்படுகிறதா?

அந்தப் பெட்டிக்கு லூட் பாக்ஸ் என்று பெயர். அது சூதாட்டமே என்று முதலில் உரக்கச் சொன்னோர் வரிசையில் ஆலிம்கள் இல்லை, பெற்றோர் இல்லை, அரசாங்கங்களும் இல்லை. அன்றாடம் விளையாடிக்கொண்டிருந்த இளைஞர்களே அந்த வரிசையில் முன் நின்றார்கள். அவர்களுள் பெரும்பாலோர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். மைஸிர் என்ற சொல்லையே கேள்விப்பட்டிராதவர்கள் கண்டுகொண்ட ஒன்றை, அச்சொல்லை மதரஸாவில் மனப்பாடம் செய்த நாம் இன்னும் காணாமல் இருப்பது வருத்தத்திற்குரியது.

2017ஆம் ஆண்டு நவம்பர் 17 அன்று எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2' என்ற விளையாட்டை வெளியிட்டது. விண்வெளிப் போரைக் களமாகக் கொண்ட துப்பாக்கிச் சண்டை விளையாட்டு அது. விலை ஏறத்தாழ 60 டாலர். அவ்வளவு கொடுத்து வாங்கிய பிறகும் டார்த் வேடர், லூக் ஸ்கைவாக்கர் போன்ற புகழ்பெற்ற பாத்திரங்கள் பூட்டப்பட்டே இருந்தன. இவ்விருவரில் ஒவ்வொருவரையும் திறக்க விளையாட்டுக்குள் ஈட்டும் கிரெடிட் 60,000 தேவைப்பட்டது. அதற்குச் சுமார் 40 மணி நேரம் விளையாட வேண்டியிருக்கும் என்று விளையாடியவர் ஒருவர் கணக்கிட்டு வெளியிட்டார். வீரனின் வலிமையைக் கூட்டும் ஸ்டார் கார்டுகளோ பெட்டிகளுக்குள் வைக்கப்பட்டிருந்தன. உழைத்து ஈட்டிய கிரெடிட்டைக் கொண்டும் அப்பெட்டிகளை வாங்கலாம். உண்மைப் பணம் கொடுத்துப் பெறும் கிரிஸ்டலைக் கொண்டும் வாங்கலாம். எந்தப் பெட்டியில் எந்த அட்டை வரும் என்பது திறக்கும்வரை எவருக்கும் தெரியாது.

அக்டோபர் மாதச் சோதனை ஓட்டத்திலேயே எதிர்ப்பு தொடங்கிவிட்டது. நவம்பரில் அது வெடித்தது. பாத்திரங்களைப் பூட்டி வைத்ததன் நோக்கம் அவற்றைத் திறப்போருக்குப் பெருமிதமும் சாதனை உணர்வும் தருவதே என்று நிறுவனத்தின் சார்பில் ரெடிட் தளத்தில் ஒரு விளக்கம் எழுதப்பட்டது. அந்த ஒரு பதிலுக்கு எதிராக 6 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் விழுந்தன. நிறுவனம் உடனே பாத்திரங்களின் விலையை முக்கால் பங்கு குறைத்தது. சினம் தணியவில்லை. வெளியீட்டுக்குச் சில மணி நேரம் முன்பு, பணம் கொடுத்துக் கிரிஸ்டல் வாங்கும் வசதியே நிறுத்தப்பட்டது. 2018 மார்ச்சில் முறை முழுவதும் மாற்றியமைக்கப்பட்டது. வலிமை தரும் அட்டைகள் பெட்டிகளிலிருந்து நீக்கப்பட்டன. பெட்டிகளைப் பணத்துக்கு விற்பதும் கைவிடப்பட்டது.

வேலையற்ற பிள்ளைகளின் கூச்சல் இது என்று நம் பெரியவர்கள் கையசைத்து ஒதுக்கிவிடக்கூடும். அது நியாயமன்று. ஒரு சந்தையில் எடைக்கல் பொய் சொல்கிறது என்பதை அங்கே நாள்தோறும் வாங்குபவனே முதலில் அறிவான். தங்கள் விருப்பத்திற்குரிய விளையாட்டைத் தாங்களே குற்றம் சாட்டிய சாட்சிகள் இவர்கள். சாட்சியம் சொல்பவனின் பொழுதுபோக்கு நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகச் சாட்சியத்தைத் தள்ளிவிட முடியாது.

எனினும் அந்தச் சினத்துக்குள் இரு வேறு முறையீடுகள் கலந்திருந்தன. அவற்றைப் பிரித்துப் பார்ப்பது அவசியம். முதலாவது, சமநீதி பற்றியது: காசு உள்ளவன் வலிமையான அட்டையை வாங்கி, இல்லாதவனை வீழ்த்துகிறான் என்பது. இரண்டாவது, சூது பற்றியது: என்ன கிடைக்கும் என்று தெரியாத ஒன்றுக்கு எங்களிடம் பணம் வாங்குகிறீர்கள் என்பது. முதல் குரலே ஓங்கி ஒலித்தது. இரண்டாம் குரல் அதன் நிழலில் நின்றது.

இதற்குச் சான்று ஓவர்வாட்ச். பிளிஸார்ட் நிறுவனம் 2016இல் வெளியிட்ட இதுவும் எதிர்கால உலகில் நிகழும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டே. இதிலும் பெட்டிகள் பணத்துக்கு விற்கப்பட்டன. இதிலும் உள்ளிருப்பது தெரியாது. ஆனால் பெட்டிக்குள் இருந்தவை உடைகள், அசைவுகள், வசனங்கள் போன்ற அலங்காரங்கள் மட்டுமே. எனவே விளையாடியோரில் பலர் இதைப் பொறுத்துக்கொண்டார்கள். அலங்காரம்தானே, யாருக்கும் தீங்கில்லையே என்று அதற்காக வாதாடவும் செய்தார்கள். பேட்டில்ஃபிரண்டைக் கொதித்து எதிர்த்தவர்களிலேயே சிலர் ஓவர்வாட்சை நல்ல முன்மாதிரியாகக் காட்டினார்கள்.

சட்டம் வேறு விதமாகப் பார்த்தது. பெல்ஜியத்தின் சூதாட்டக் கண்காணிப்பு ஆணையம் 2018 ஏப்ரலில் தன் முடிவை அறிவித்தது. விளையாட்டு, பந்தயம், வெற்றி தோல்வி, தற்செயல் ஆகிய நான்கும் கூடினால் அது சூதாட்டம் என்ற அளவுகோலைக் கொண்டு அது ஆராய்ந்தது. ஓவர்வாட்ச், ஃபிஃபா 18, கவுன்டர் ஸ்டிரைக் குளோபல் அஃபென்சிவ் ஆகிய மூன்றிலும் விற்கப்பட்ட பெட்டிகள் சூதாட்டச் சட்டத்தை மீறுகின்றன என்று அது தீர்ப்பளித்தது. பேட்டில்ஃபிரண்ட் 2 தப்பியது. ஏனெனில் அதற்குள் அதன் பெட்டி விற்பனை நிறுத்தப்பட்டிருந்தது. உலகமே கூடித் தூற்றிய விளையாட்டு குற்றப் பட்டியலில் இல்லை. பலர் கண்ணியமானது எனக் கருதிய விளையாட்டு அதில் இடம்பெற்றது.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. கிடைக்கும் பொருள் பயனுள்ளதா, பயனற்றதா என்பது சூதுக்கு இலக்கணம் அன்று. பணம் உறுதியாகப் போகிறது, பொருள் உறுதியின்றி வருகிறது, அந்த உறுதியின்மையே விற்பனைச் சரக்காகிறது என்பதே அதன் இலக்கணம்.

இஸ்லாத்துக்கு முந்தைய அரபியரின் மைஸிர் எப்படி நடந்தது என்பதை தஃப்ஸீர் நூல்கள் விளக்குகின்றன. ஓர் ஒட்டகத்தை அறுத்துப் பங்கிடுவார்கள். அம்புகளை ஒரு பையிலிட்டு ஒவ்வொன்றாக உருவுவார்கள். சில அம்புகளுக்குப் பங்கு உண்டு, சிலவற்றுக்கு இல்லை. பங்கில்லாத அம்பு வந்தவன் ஒட்டகத்தின் விலையைச் சுமப்பான். வென்றவனோ பெரும்பாலும் அந்த இறைச்சியைத் தான் உண்ணாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுப் பெருமை பேசுவான். அங்கே வென்ற பரிசு நாணயமன்று, இறைச்சி. அது சென்ற இடமும் பசித்த வயிறு. அப்படியிருந்தும் அது விலக்கப்பட்டது. மதுவிலும் சூதிலும் மனிதர்களுக்குச் சில பயன்கள் உண்டு என்பதை அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம் மறுக்கவில்லை. அவற்றின் பாவமே பெரிது என்று தெளிவுபடுத்துகிறது. ஏழைக்கு இறைச்சி தந்த சூதுக்கே இடமில்லை என்றால், பொம்மை வீரனுக்குச் சட்டை தரும் சூதுக்கு என்ன இடம் இருக்கிறது?

நிறுவனங்களும் அவற்றின் ஆதரவாளர்களும் சொல்லும் சமாதானங்களைப் பார்ப்போம்.

பெட்டி ஒருபோதும் வெறுமையாக இருப்பதில்லை, ஏதேனும் ஒன்று கட்டாயம் கிடைக்கிறது, ஆகவே இது சூதன்று என்பது முதலாவது. அமெரிக்காவில் விளையாட்டுகளுக்கு வயதுத் தரம் வழங்கும் ஈஎஸ்ஆர்பி அமைப்பே 2017இல் இவ்வாதத்தை முன்வைத்தது. ஒவ்வொரு லாட்டரிச் சீட்டுக்கும் ஒரு மிட்டாய் இலவசம் என்று அறிவித்துவிட்டால் லாட்டரி ஹலாலாகிவிடுமா? வாங்குபவன் கண் வைத்திருப்பது மிட்டாயின் மீதா, பரிசின் மீதா என்பது விற்பவனுக்கும் தெரியும்.

இரண்டாவது சமாதானம் 2019 ஜூனில் பிரிட்டன் நாடாளுமன்றக் குழுவின் முன் சொல்லப்பட்டது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் அதிகாரி ஒருவர் இவை வியப்பூட்டும் பொறிமுறைகள் என்றார். குழந்தைகளுக்கான சாக்லேட் முட்டைக்குள் பொம்மை இருப்பதோடு ஒப்பிட்டார். முட்டையை வாங்கும் குழந்தை சாக்லேட்டைத் தின்கிறது. கொடுத்த காசுக்கு அறிந்த பொருள் ஒன்று கைக்கு வந்துவிடுகிறது. லூட் பாக்ஸில் அப்படி அறிந்த பொருள் எதுவும் இல்லை. நியாய விலைக்கு வாங்கும் பொருளோடு பரிசு ஒன்று சேர்ந்து வருவது வேறு. பரிசு வரும் வாய்ப்பையே விலைக்கு விற்பது வேறு. அந்தக் குழு ஒப்பீட்டை ஏற்கவில்லை. பணம் கொடுத்து வாங்கும் லூட் பாக்ஸைச் சூதாட்டச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவர வேண்டும் என்று அதே ஆண்டு செப்டம்பரில் பரிந்துரைத்தது. பிரிட்டன் அரசு 2022இல் சட்டத்தைத் திருத்த மறுத்துவிட்டது. நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். நமக்கு விலக்கப்பட்டது எது என்பது எந்த நாட்டின் சட்டத் திருத்தத்துக்காகவும் காத்திருப்பதில்லை.

மூன்றாவது சமாதானம் நம் வீடுகளுக்குள்ளேயே ஒலிப்பது. ஐம்பது ரூபாய், நூறு ரூபாய்தானே, பிள்ளை ஆசைப்படுகிறான் என்பது அது. தொகை சிறியது, பழக்கம் சிறியதன்று. நம் பிள்ளைகள் கைப்பேசியில் விளையாடும் பிஜிஎம்ஐயில் ரூபாய் முதலில் யூசியாகிறது, பிறகு பெட்டியாகிறது. ஃப்ரீ ஃபயர் மேக்ஸில் அது டயமண்டாகிப் பின் லக் ராயல் சுழற்சியாகிறது. பணம் இருமுறை வேடம் மாறுவதால் செலவழித்த உணர்வே மங்கிவிடுகிறது. இம்முறை வரவில்லை, அடுத்த முறை வரும் என்ற எண்ணம் பத்து வயதுப் பிள்ளையின் மனத்தில் பதிகிறது. அந்த எண்ணம் பெரியவனானதும் எந்த வாசலில் போய் நிற்கும் என்பதை ஆன்லைன் ரம்மியால் குடும்பங்கள் சிதைந்ததைக் கண்ட தமிழகத்துக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சூதாட வருமாறு தன் தோழனை அழைத்தவர் அதற்கு ஈடாகத் தர்மம் செய்ய வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியது புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. ஆடியதற்கு அன்று, அழைத்ததற்கே இந்தப் பரிகாரம். இன்று அந்த அழைப்பு பிள்ளையின் கைப்பேசித் திரையில், வண்ண விளக்குகளோடு, இன்னும் இரண்டு மணி நேரமே மீதம் என்ற அவசரத்தோடு வந்து நிற்கிறது. பல வீடுகளில் அந்தக் கட்டணம் வாப்பாவின் கணக்கிலிருந்தே செல்கிறது.

அப்படியானால் எல்லா விளையாட்டையும் ஒரேயடியாக ஹராம் என்று சொல்லிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று சிலர் வாதிடுகிறார்கள். இவ்வாதம் எளிது, அதனாலேயே பயனற்றது. அல்லாஹ் விலக்காததை விலக்கும் உரிமை நமக்கில்லை என்பது ஒருபுறம். மறுபுறம், எல்லாவற்றையும் ஒரே சொல்லால் மூடும் பெற்றோரின் சொல்லைப் பிள்ளை எடைபோடக் கற்றுக்கொள்கிறது. இருபது காரியங்களுக்கு ஹராம் என்று கேட்டுச் சலித்த செவி, உண்மையான ஹராம் வரும்போது அதையும் சலிப்போடுதான் கேட்கும். விலை அறிவிக்கப்பட்ட ஓர் உடையை நேரடியாக வாங்குவது வீண்விரயமாக இருக்கலாம், அது சூதன்று. அதே உடை கிடைக்கலாம் என்ற நம்பிக்கையில் ஐந்து பெட்டிகளைத் திறப்பது சூது. இந்த வேறுபாட்டைப் பிள்ளைக்குச் சொல்லத் தெரிந்த உம்மாவின் தடைக்கு மதிப்பிருக்கும்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. பிள்ளை விளையாடும் விளையாட்டின் கடைப் பக்கத்தை ஒருமுறை அதனோடு அமர்ந்து பாருங்கள். எது விலைக்கு விற்கப்படுகிறது, எது வாய்ப்பாக விற்கப்படுகிறது என்று அதனிடமே கேளுங்கள். பெரும்பாலும் நம்மைவிடத் தெளிவாகச் சொல்லும். கைப்பேசியின் கட்டண வசதிக்குக் கடவுச்சொல் இடுங்கள். மேலை நாடுகளின் தர அமைப்புகள் 2020 முதல், தற்செயலாகப் பொருள் தரும் விற்பனை உள்ள விளையாட்டுகளின் மீது அதைக் குறிப்பிடுகின்றன. அக்குறிப்பைப் படித்துவிட்டு வாங்குங்கள். கோடை விடுமுறை மக்தப் வகுப்புகளில் மைஸிரைப் பற்றிக் கற்பிக்கும் உஸ்தாதுகள் ஒட்டகத்தோடும் அம்போடும் நிறுத்திவிடாமல் யூசியையும் டயமண்டையும் பெயர் சொல்லிக் கற்பிக்க வேண்டும்.

மதுவையும் சூதையும் கொண்டு ஷைத்தான் பகையை மூட்டவும், இறைநினைவிலிருந்தும் தொழுகையிலிருந்தும் தடுக்கவும் விரும்புகிறான் என்ற கருத்தை அல்மாயிதா அத்தியாயத்தின் 91ஆம் வசனம் உணர்த்துகிறது. பிள்ளை தொழுகையை மறந்துவிட்டான் என்று வருந்தும் பெற்றோர், அவன் கையில் இருப்பது வெறும் விளையாட்டா, அல்லது அந்த வசனம் எச்சரித்த பொருளா என்பதையும் பார்த்தாக வேண்டும். முன்பின் அறியாத லட்சக்கணக்கான இளைஞர்கள் ஒன்றுகூடி மறுத்தபோது பெரும் நிறுவனம் ஒன்று ஒரே வாரத்தில் பின்வாங்கியது. தன் வீட்டுக்குள் ஒரு பெட்டியை மறுக்க ஒரு வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் அத்தனை பெரிய கூட்டம் தேவையில்லை.