‘ங்க’ இல்லாத மொழியில் மரியாதை



அண்மையில் வரும் வாசகர் கடிதங்களில் ஒரு வருத்தம் அடிக்கடி தென்படுகிறது. ஆங்கிலத்தில் ஓரளவு பேச வருகிறது, ஆனால் பேசி முடிப்பதற்குள் எதிரில் இருப்பவரின் முகம் மாறிவிடுகிறது, ஏன் என்று தெரியவில்லை என்கிறார்கள். வெளிநாட்டு வேலைக்குப் படிக்கும் செவிலியர்கள், ஹோட்டல் வரவேற்பில் நிற்பவர்கள், கஸ்டமர் கேரில் போன் எடுப்பவர்கள் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். உங்களில் ஒருவரும் மரியாதை தெரியாதவர் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் பேச்சில் மரியாதை வினைச்சொல்லின் கடைசியில் இருக்கிறது. ‘கொஞ்சம் தண்ணி குடுங்க’ என்றால் அதில் யாரும் குறை காண மாட்டார்கள். ‘குடுங்களேன்’ என்றால் இன்னும் இதம். ஆங்கில வினைச்சொல்லில் இதற்கு இடமே கிடையாது. ஒரு காலத்தில் நம் ‘நீ’, ‘நீங்கள்’ போல ‘தௌ’, ‘யூ’ என்று இரண்டு முன்னிலைச் சொற்கள் இருந்தன. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் இரண்டும் வரும். 17ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பொதுப்பேச்சிலிருந்து ‘தௌ’ பெரும்பாலும் மறைந்துவிட்டது. குழந்தைக்கும் நீதிபதிக்கும் ஒரே ‘யூ’தான். எனவே ‘கிவ் மீ வாட்டர்’ என்று நாம் சொல்லும்போது, நம் மனதில் இருக்கும் ‘ங்க’ ஆங்கிலம் பேசுபவர்கள் காதில் விழுவதில்லை. ‘கொடு’ மட்டும் விழுகிறது.

அவர்கள் மரியாதையைக் கேள்வியாகக் கேட்பதில் காட்டுகிறார்கள். ‘குட் ஐ ஹாவ் சம் வாட்டர், ப்ளீஸ்?’ என்னும்போது, முடியாது என்று சொல்லவும் எதிரில் இருப்பவருக்கு ஒரு வழி விடுகிறோம். ‘கேன்’ என்பது ‘குட்’ ஆவதும், ‘ஐ வாண்ட்’ என்பது ‘ஐ வுட் லைக்’ ஆவதும் அதற்காகத்தான். இப்போது வேண்டியதையே ‘ஐ வாஸ் வொண்டரிங்’ என்று இறந்தகாலத்தில் கேட்பார்கள். அதில் வற்புறுத்தல் தணிந்துவிடுகிறது.

பணிவான பேச்சைப் பற்றி உலகெங்கும் மொழியியல் மாணவர்கள் படிக்கும் ஆய்வு ஒன்று உண்டு. பெனலபி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் இருவரும் 1978இல் வெளியிட்டது. 1987இல் தனி நூலாக வந்தது. அவர்கள் முக்கியமாக எடுத்துக்கொண்டவை மூன்று மொழிகள்: ஆங்கிலம், மெக்சிகோவில் பேசப்படும் ட்செல்தால் என்ற மாயா மொழி, பிறகு நம் தமிழ். கோவை மாவட்டத்துக் கிராமத்தில் மக்கள் பேசிய பேச்சு அந்த நூலில் இருக்கிறது. ஆங்கிலப் பணிவைக் கற்றுக்கொள்ளப் போகும் தமிழர், பணிவு பற்றிய பாடத்துக்குத் தம் மொழியைத் தந்தவர் என்ற நிமிர்வோடு போகலாம்.

நம் தவறுகள் பெரும்பாலும் நல்ல தமிழிலிருந்தே வருகின்றன. போனில் ‘சொல்லுங்க சார்’ என்பது எவ்வளவு அன்பான பேச்சு! அதுவே ‘டெல் மீ’ ஆனதும் விறைத்துப்போகிறது. ‘ஹவ் கேன் ஐ ஹெல்ப் யூ?’ என்று கேளுங்கள். ‘என்ன வேணுங்க?’ என்று நம் கடைக்காரர் கேட்டால் வரவேற்பு. ‘வாட் டூ யூ வாண்ட்?’ என்றால் எரிச்சலாகக் கேட்கும். அங்கே ‘வாட் வுட் யூ லைக்?’ பொருந்தும். சரியாகக் கேட்காதபோது ‘வாட்?’ வேண்டாம், கேள்வித் தொனியில் ‘சாரி?’ என்றால் போதும்.

செவிலியர்களுக்குத் தனியாக ஒன்று. மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வாகப் பலர் எழுதும் ஓ.இ.டி.யின் பேச்சுப் பகுதியில், நோயாளியிடம் பேசுவதுபோல் பேசிக்காட்ட வேண்டும். அவரை மதித்து, அவர் கவலையைக் கேட்டுப் பேசும் விதத்துக்கும் அங்கே மதிப்பெண் உண்டு. ‘டர்ன்’ என்பதற்குப் பதில் ‘குட் யூ டர்ன் ஆன் யுவர் சைட் ஃபார் மீ, ப்ளீஸ்?’ என்று பழகுங்கள். அந்த ‘ஃபார் மீ’ சின்னச் சொல்தான், வலியில் படுத்திருப்பவருக்கு அது ஆறுதல்.

இதற்காக எல்லாவற்றையும் கேள்வியாக்க வேண்டியதில்லை. நன்மை நமக்கு என்றால் கேள்வி; நன்மை அவருக்கு என்றால் கட்டளையே அன்பு. வீட்டுக்கு வந்தவரிடம் ‘கம் இன், சிட் டவுன், ஹாவ் சம் காபி’ என்று நம் ஊர் வேகத்திலேயே சொல்லலாம். ‘தேங்க்யூ’வை மட்டும் தாராளமாகச் செலவழியுங்கள். வீட்டுக்குள் நன்றி சொல்லும் பழக்கம் நம்மில் குறைவு. இங்கிலாந்தில் பல ஊர்களில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது டிரைவருக்கே சொல்லிவிட்டு இறங்குகிறார்கள்.

பலர் கேட்டிருந்த சந்தேகம்: ‘வுட் யூ மைண்ட் வெயிட்டிங்?’ என்று கேட்டால் என்ன பதில்? ‘காத்திருப்பதில் உங்களுக்குச் சிரமமா?’ என்பதுதான் கேள்வி. காத்திருக்கச் சம்மதம் என்றால் ‘நோ, நாட் அட் ஆல்’ என்று சொல்ல வேண்டும்.

நீங்கள் தடுமாறிய இடங்களை, யாரிடம், எந்தச் சூழலில் பேசினீர்கள் என்ற விவரத்தோடு எழுதுங்கள். வரும் இதழ்களில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்