பிந்திப் பேசும் பிள்ளை

"ஆண் பிள்ளைதானே, மெல்லப் பேசுவான், தகப்பனும் பிந்தித்தான் வாய் திறந்தவர்." 2 வயதாகியும் சொல் வராத பிள்ளையைக் குறித்து நம் வீடுகளிலே பெரியோர் கூறும் ஆறுதல் இது. சிலர் வசம்பை உரைத்து நாவிலே தடவுவர். பெயரளவில் அது பிள்ளை வளர்ப்பானேயன்றி மொழி வளர்ப்பானன்று. மொழி நாவிலே பிறப்பதன்று, செவியிலே பிறப்பது.

பிந்திப் பேசுவோருட் பலர் தாமாகவே ஏனையோரை எட்டிப் பிடிப்பர் என்பது உண்மையே. எவர் பிடிப்பர், எவர் பின்தங்குவர் என்பதைச் சொற்களை எண்ணி அறிதல் அரிது. பிள்ளை எதனை விளங்கிக்கொள்கிறது என்பதையே முதலில் நோக்குதல் வேண்டும்.

"எல்லாம் விளங்கும், செருப்பை எடுத்து வா என்றால் எடுத்து வருவான்" எனத் தாய்மார் கூறுவதை நாம் கேட்டிருக்கிறோம். அவ்வாறு ஏவும்போது தாயின் கை வாசலை நோக்கி நீண்டிருக்கும். கண்ணும் அங்கேயே செல்லும். பிள்ளை சொல்லைக் கேட்டு எழுந்ததா, கையைக் கண்டு எழுந்ததா? கையைக் கட்டிக்கொண்டு, செருப்பைப் பாராமல், மற்றொரு நாள் அதனையே சொல்லிப் பார்க்க.

செவிப்புலன் ஓரளவு குன்றிய பிள்ளையும் பட்டாசு வெடித்தால் திடுக்கிடும். சட்டி விழுந்தால் திரும்பும். காதிலே பழுதில்லையென வீட்டார் துணிந்துவிடுவர். பேச்சின் மெல்லிய ஒலிகளோ அதற்கு எட்டாதிருக்கலாம். அடிக்கடி தடிமன் பிடிக்கும் பிள்ளைகட்கு நடுச்செவியில் நீர் தங்குவதுண்டு. அப்போது ஒலியெல்லாம் மங்கிக் கேட்கும். ஒரு கிழமை தெளியும், மறு கிழமை மீண்டும் மங்கும். காரணம் அறியாத வீட்டிலே அதற்குச் 'சொற்கேளாப் பிள்ளை' என்ற ஏச்சுத்தான் கிடைக்கும்.

3 வயதிலே 'பழம்' என்பது 'பயம்' ஆனால் அஞ்சவேண்டியதில்லை. ழகரத்தை ளகரமாக்கிப் பேசும் நம்மவர் அதற்காகப் பிள்ளையை நகைப்பது வேடிக்கையே! வீட்டில் இருமொழி வழங்குவதாலும் இக்குறை உண்டாவதில்லை; ஆதலின் தமிழை நிறுத்துமாறு எவர் சொல்லினும் கேட்க வேண்டா.

ஆனால் 1 வயதாகியும் மழலை ஒலியும் சுட்டிக்காட்டலும் இல்லை, 18 மாதமாகியும் ஒரு சொல்லேனும் இல்லை, 2 வயதாகியும் 'அம்மா வா' என இரு சொல்லைச் சேர்க்கவில்லை என்றால் பொறுத்திருத்தல் தகாது. வந்த சொற்கள் மறைந்தால், எவ்வயதாயினும் உடனே காட்டுதல் வேண்டும். பகுதி மருத்துவமாதுவிடம் கூறி, முதலிலே செவிப் பரிசோதனைக்கும் பின்னர்ப் பேச்சுச் சிகிச்சையாளரிடமும் வழி கேட்க. சிறுபிள்ளைக்கு எப்படிச் செவியைச் சோதிப்பது என்று தயங்குவோர் உளர். உறங்கும் பச்சிளங் குழந்தைக்கும் அதனைச் செய்யும் கருவிகள் இன்று உண்டு; பிள்ளை வாய் திறந்து விடை கூறவேண்டியதில்லை.