சாந்தியின் பதக்கமும் நம்முடைய ரூல் பக்தியும்

சாந்தி சௌந்தரராஜன் பெயரை எடுத்தாலே என் துறைக்காரர்கள் பலரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள். “பாவம்தான், ஆனா ரூல்னு ஒண்ணு இருக்குல்ல?” அந்தப் ‘பாவம்’ எனக்குப் பிரச்சினையில்லை. அந்த ‘ஆனா’வோடுதான் சண்டை.

எந்த ரூல்? 2006 டிசம்பர், தோகா ஆசிய விளையாட்டு. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளையில் வேலை பார்த்த தலித் பெற்றோரின் மகள் 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 நொடியில் ஓடி வெள்ளி வாங்கினார். அதற்கு முந்தைய வருடம்தான் தென்கொரியாவின் இன்சியானில் ஆசிய சாம்பியன்ஷிப்பிலும் இதே தூரத்தில் வெள்ளி. அப்போது யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. தோகாவில் ஓடி முடித்தபின் வந்தது. பாலினச் சோதனை என்று கூட்டிப்போனார்கள். ரத்தம் எடுத்தார்கள், உடையைக் களையச் சொல்லிப் பார்த்தார்கள். இது அவரே பின்னாளில் பேட்டிகளில் சொன்னது. பதக்கம் பறிபோனது. அவருடைய உடலைப் பற்றிய தகவல் டிவிக்கும் பத்திரிகைக்கும் போனது.

சோதனையில் என்ன வந்தது என்பதை இந்தக் கட்டுரையில் எழுதமாட்டேன். அது வெளியே வந்ததே குற்றம் என்று வாதாடிக்கொண்டே நானும் அதை இன்னொரு தடவை அச்சில் ஏற்றினால் என்னை என்னவென்று சொல்வது?

ரூல் கதைக்கு வருவோம். 1966 வாக்கில் பெண் வீராங்கனைகளை மருத்துவர்கள் முன் நிர்வாணமாக நிற்கவைத்துப் பார்த்தார்கள். பிறகு குரோமோசோம் சோதனை வந்தது. அது தவறான ஆட்களைப் பிடிக்கிறது என்று மரபியல் அறிஞர்கள் வருடக்கணக்காகக் கத்தியபின், சர்வதேச தடகள சம்மேளனம் 1992-ல் எல்லாருக்குமான சோதனையைக் கைவிட்டது. ஒலிம்பிக் கமிட்டி 1999-ல் கைவிட்டது. ஆக 2006-ல் மிச்சமிருந்தது ‘சந்தேகம் வந்தால் சோதிக்கலாம்’ என்பது மட்டும்தான். சந்தேகம் யாருக்கு வரும், எதைப் பார்த்து வரும்? முகத்தை, தோளை, குரலை, மார்பைப் பார்த்து வரும். ஒருத்தி பெண் மாதிரி இருக்கிறாளா என்று யாரோ கண்ணால் அளந்து, அதன்பிறகு அறிவியலைக் கூப்பிடுவதை நண்பர்கள் ரூல் என்கிறார்கள். எங்கள் ஊர்த் திண்ணையில் இதற்கு வேறு பேர்.

நான் மென்பொருள்காரன். என் ஆபீஸில் ஒரு பட்டனின் நிறத்தை மாற்றணும்னாகூட இரண்டு பேர் பார்த்து ஒப்புதல் தரணும், தப்பாப் போனா பழைய நிலைக்குத் திருப்ப வழி இருக்கணும். ஒரு மனுஷியின் வாழ்க்கையை மாற்றும் முடிவில் திருப்பிப்போட வழியே இல்லாமல் இருந்தது. அதை ‘சிஸ்டம்’ என்று சொல்ல எங்கள் ஆட்களுக்கு எப்படி வாய் வருகிறது?

அடுத்த வாதம், “நியாயமான போட்டின்னு ஒண்ணு வேணும்ல?” வேணும். கடிகாரத்தைப் பாருங்கள். பெண்கள் 800 மீட்டர் உலக சாதனை 1983-ல் யார்மிளா கிராடோக்விலோவா ஓடிய 1 நிமிடம் 53.28 நொடி. சாந்தி அதைவிடக் கிட்டத்தட்ட பத்து நொடி பின்னால். தோகாவிலேயே பஹ்ரைனின் மரியம் யூசுஃப் ஜமால் என்ற பெண் அவரை முந்தித் தங்கம் வாங்கினார். இதில் என்ன அபார அனுகூலம்? பின்லாந்துப் பனிச்சறுக்கு வீரர் ஈரோ மான்டிராண்டாவின் ரத்தத்தில் ஒரு மரபணு மாற்றத்தால் சிவப்பணுக்கள் இயல்பைவிட மிக அதிகம். 1964 ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கியவர். யாரும் பிடுங்கவில்லை, அதிசயப் பிறவி என்றார்கள். பிறவியில் வந்த உடம்பு ஆணுக்கு வரம், பெண்ணுக்கு மோசடி.

இதையெல்லாம்விட எனக்கு ஆத்திரம் வருவது டெல்லியை நினைத்துத்தான். ஸ்பெயினின் மரியா ஹோஸே மார்ட்டினெஸ் பட்டினோ 1985-ல் இதே மாதிரிச் சோதனையில் தோற்றார். அடுத்த வருடம் விஷயம் பத்திரிகையில் கசிந்தது. உதவித்தொகை போனது, பதக்கங்கள் போயின. அவர் போராடி 1988-ல் மறுபடி ஓடும் உரிமையை வாங்கினார். ஆக சாந்திக்குப் பதினெட்டு வருடம் முன்பே வழி போட்டுக் கிடந்தது. இந்திய ஒலிம்பிக் சங்கத்திலும் தடகள சம்மேளனத்திலும் இருந்தவர்கள் அந்த வழியில் ஓரடி எடுத்துவைக்கவில்லை. முறையீடு செய்யவில்லை. தங்கள் கொடியைப் போர்த்தி ஓடியவளை, காகிதம் வந்ததும் கைகழுவினார்கள்.

2014-ல் ஒடிசாவின் டூட்டி சந்தை நிறுத்தியபோது கதை வேறு. இந்திய விளையாட்டு ஆணையத்தின் ஆதரவோடு லோசான் நடுவர் மன்றம் போனார். 2015 ஜூலையில் அந்த விதிமுறையே நிறுத்திவைக்கப்பட்டது. எட்டு வருடத்தில் புத்தி வந்ததென்றால் சந்தோஷம். வந்த புத்தி பின்னோக்கிப் போய் சாந்தியின் கோப்பைத் திறந்திருக்க வேண்டாமா?

கருணாநிதி அரசு அன்று 15 லட்சம் பரிசை நிறுத்தாமல் கொடுத்தது. அதைப் பெரிய விஷயமாகவே மதிக்கிறேன். ஆனால் பணம் மேல்முறையீடு ஆகாது. 2007-ல் அவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். பிறகு புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுத்தார். 2012-ல் தினக்கூலிக்குச் சூளையில் கல் சுமக்கும் படங்கள் வந்ததும்தான் நாட்டுக்குத் திடீரென்று இரக்கம் சுரந்தது. கல் சுமந்தால் அழுவோம், ஓடினால் சந்தேகப்படுவோம். அவர் அந்த இரக்கத்தில் உட்கார்ந்துவிடவில்லை. பெங்களூரு போய்ப் பயிற்சியாளர் பட்டயம் முடித்தார், பின்னர் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் ஆனார்.

2025 செப்டம்பர் முதல் உலகத் தடகள அமைப்பு, உலகப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட விரும்பும் எல்லாருக்கும் எஸ்ஆர்ஒய் மரபணுச் சோதனை வைத்திருக்கிறது. “இப்ப எல்லாருக்கும்தானே, அப்புறம் என்ன?” என்கிறார்கள். சந்தேகப்பட்டவளை மட்டும் தனியே இழுத்துப்போவதைவிட இது மேல், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1990-ல் அந்த மரபணுவைக் கண்டறிந்த ஆண்ட்ரூ சின்க்ளேரே, இதைவைத்துப் பெண்ணா என்று தீர்ப்பு சொல்லக் கூடாது என்று எழுதியிருக்கிறார். அதைக்கூட விடுங்கள். ஆலங்குடிப் பக்கத்து அரசுப் பள்ளிப் பெண் ஒருத்தி தேறி வந்தால், கையெழுத்துப் போடும் படிவம் அவளுக்குப் புரியும் மொழியில் இருக்குமா? முடிவை முதலில் யாரிடம் சொல்வார்கள், அவளிடமா, மேலாளரிடமா? பக்கத்தில் அவள் அம்மா இருப்பாரா?

இந்திய ஒலிம்பிக் சங்கம் இன்றைக்கும் செய்யக்கூடியவை இரண்டு. 2006-ல் யார் புகார் கொடுத்தார், யார் சோதிக்க உத்தரவிட்டார், தகவலை யார் வெளியே விட்டார் என்பதைச் சாந்தியிடம் எழுத்தில் தரலாம். அந்த வெள்ளியைத் திருப்பித் தரச் சொல்லி ஆசிய ஒலிம்பிக் கவுன்சிலுக்கு ஒரு கடிதம் போடலாம். தபால் செலவைப் புதுக்கோட்டைக்காரர்கள் நாங்கள் வசூல் செய்து கொடுத்துவிடுகிறோம்.