மடியில் இருக்கும் கத்தி நம் கடைக்கு ஏற்றதுதானா?

மொத்த வியாபாரக் கடைகளில் தராசுக்கு முத்திரை உண்டு. கல்லாவுக்குப் பூட்டு உண்டு. கணக்குப் புத்தகத்துக்கு ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் உண்டு. காலை முதல் இரவு வரை கையை விட்டு இறங்காத கத்திக்கு மட்டும் நம்மிடம் எந்தக் கவனிப்பும் இல்லை. எது அகப்படுகிறதோ அதுவே கத்தி என்று நடந்து வருகிறோம்.

நமது சங்க உறுப்பினர்களின் கடைகளில் ஒருநாள் சுற்றி வந்தால் தெரியும். உடைந்த ஹாக்ஸா பிளேடைத் தீட்டி, பிடிக்கு சைக்கிள் டியூப் சுற்றியது ஒரு கடையில். சவர பிளேடில் பாதி இன்னொரு கடையில். வீட்டில் கழித்துவிட்ட காய்கறிக் கத்தி வேறொரு கடையில். பட்டறையில் லாரிப் பட்டையில் அடித்து வாங்கிய சூரிக்கத்தி மற்றொரு கடையில். "வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்" என்று சொல்லிச் சிரித்துக்கொள்கிறோம். வல்லவனுக்குச் சரி. நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனுக்கு?

இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க வேண்டாம். மூட்டைத் தையல், பிளாஸ்டிக் கயிறு, அட்டைப் பெட்டி டேப், புளி, வெல்லம், கருப்பட்டிச் சிப்பத்தின் ஓலைக்கட்டு, கருவாட்டுக் கூடையின் கட்டு என்று கத்தி படாத சரக்கு நம் கடையில் இல்லை. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பொட்டல அரிசிக்கு ஜி.எஸ்.டி. வந்த பிறகு 26 கிலோ பைகள் புறப்பட்டன. முன்பு 75 கிலோ, 100 கிலோ மூட்டை ஒன்றைப் பிரித்த இடத்தில் இப்போது மூன்று நான்கு பைகளைப் பிரிக்கிறோம். கத்தியின் வேலை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

நமது வேலைக்கு ஏற்றது சிறிய, மடங்காத, துருப்பிடிக்காத கத்தி என்பது என் கருத்து. ஆள் ஒன்றுக்கு ஒன்று வீதம் முதலாளியே வாங்கிக் கொடுக்க வேண்டும். அதற்கான காரணங்களைச் சொல்கிறேன்.

மடக்குக் கத்தி ஏன் வேண்டாம்?

மடக்குக் கத்தி பையில் அடங்கும், பார்க்கவும் அழகு. ஆனால் அதன் உயிர் மடங்கும் அச்சில் இருக்கிறது. அந்த இடுக்கில் வெல்லப் பிசுக்கும், உப்புத்தூளும், சாக்குத் தும்பும் போய் அடைந்தால் முதலில் துரு பிடிப்பது அங்கேதான். பூட்டு சரியாக விழாது. கயிற்றை அழுத்தி அறுக்கும்போது அலகு மடங்கி விரலிலேயே விழும். மடங்காத கத்திக்கு அச்சும் இல்லை, பூட்டும் இல்லை. குழாயடியில் காட்டிக் கழுவித் துடைத்தால் வேலை முடிந்தது. அதற்கு வேண்டியது ஒரு நல்ல உறை மட்டுமே.

துரு வந்தால் என்ன நஷ்டம்?

"நம்ம ஊர் இரும்புக் கத்திக்கு இருக்கிற கூர் ஸ்டெயின்லெஸ்ஸுக்கு வருமா?" என்று பழைய ஆட்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கார்பன் கூடிய இரும்பு சுலபமாகத் தீட்ட வரும், கூரும் நன்றாக நிற்கும். பருப்பு, அரிசி, மிளகாய் என்று உலர்ந்த சரக்கு மட்டும் கையாளும் கடையில், தினமும் துடைத்து எண்ணெய் தடவுகிற ஆள் இருந்தால், அந்தக் கத்தியே போதும். நான் மறுக்கவில்லை.

ஆனால் உப்பு, புளி, கருவாடு, ஊறுகாய், வெல்லம் கையாளும் கடைகளின் கதை வேறு. தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் காற்றிலேயே உப்பு இருக்கிறது. புளியில் அமிலம். ஈரச்சாக்கில் இரவு முழுக்கச் செருகிவைத்த இரும்புக்கத்தி காலையில் சிவந்துபோயிருக்கும். அதே கத்தியால் வெல்லத்தை வெட்டினால் கறுப்புக் கோடு விழும். வாங்க வந்தவர் அதைப் பார்த்து முகம் சுளித்தால் சரக்கின் விலை அங்கேயே இறங்கிவிடும். உணவுப் பொருளைத் தொடும் கருவிகள் துருப்பிடிக்காதவையாக இருக்கவேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதிகளும் சொல்கின்றன. ஆய்வுக்கு வருகிற அதிகாரி கேட்பதற்கு முன் நாமே சரிசெய்து கொள்வது நல்லது.

இன்னொன்று. துருப்பிடித்த இரும்பு கிழித்தால்தான் டெட்டனஸ் வரும் என்று நம் ஆட்கள் நம்புகிறார்கள். அந்த நோயைக் கொண்டுவருவது துரு அல்ல. மண்ணிலும் தூசியிலும் சாணத்திலும் இருக்கிற கிருமிதான். தரையில் கிடந்த சாக்கை அறுத்த கத்தி பளபளவென்று இருந்தாலும், அது ஆழமாகக் கிழித்தால் ஆபத்து உண்டு. எந்தக் கத்தி பட்டாலும் காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஊசி போட்டு எவ்வளவு நாளாயிற்று என்று டாக்டரிடம் கேட்பதே சரி.

ஸ்டெயின்லெஸ் எல்லாம் ஒன்றல்ல

1913ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்தில் ஹாரி பிரியர்லி என்பவர் துப்பாக்கிக் குழாய்க்கு நல்ல எஃகு தேடும்போது குரோமியம் கலந்த இந்த எஃகின் அருமையைக் கண்டார். ஷெஃபீல்டு கத்திக்குப் பேர்போன ஊர், ஆகவே அது உடனே கத்திக்கு வந்துவிட்டது. எஃகில் குரோமியம் குறைந்தது 10.5 சதவீதம் இருந்தால் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்று தானாகவே உண்டாகிறது. கீறினாலும் காற்றுப்பட்டு மறுபடி மூடிக்கொள்கிறது. துருவைத் தடுப்பது அந்தப் படலம்தான். அதை உடைக்கத் தெரிந்த எதிரி உப்பு. ஆகையால் ஸ்டெயின்லெஸ் என்றால் சாகாவரம் பெற்றது என்று நினைக்க வேண்டாம். துரு பிடிக்கத் தாமதமாகும், அவ்வளவுதான்.

கூர் நிற்பதற்குக் கார்பன் வேண்டும். ஆனால் கார்பன் கூடினால் அது குரோமியத்தில் ஒரு பங்கைத் தன்னோடு பிடித்துவைத்துக் கொள்ளும். துருவைத் தடுக்க மிஞ்சுவது குறையும். கூரும் வேண்டும், துருவும் கூடாது என்றால் இரண்டுக்கும் நடுவில்தான் நிற்க வேண்டும். சில எஃகுகளின் கணக்கைப் பாருங்கள்.

304 என்பது பாத்திர எஃகு. 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். துருவுக்கு நன்றாகத் தாங்கும். ஆனால் காய்ச்சித் தோய்த்து இதை இறுக்க முடியாது. இதில் செய்த கத்தி ஒரே நாளில் மழுங்கும்.

420 வகை, 3சிஆர்13 வகை ஆகியவற்றில் குரோமியம் சுமார் 13 சதவீதம். கார்பன் 0.3 சதவீதத்தை ஒட்டி. உப்புக் கடைக்கும் கருவாட்டுக் கடைக்கும் இது தாங்கும். கூர் சீக்கிரம் மழுங்கும், ஆனால் சீக்கிரம் தீட்டவும் வரும்.

5சிஆர்15 வகையில் கார்பன் 0.5 சதவீதம், குரோமியம் 15 சதவீதம். ஸ்வீடன் நாட்டு 12சி27 எஃகில் கார்பன் 0.6, குரோமியம் 13.5. பொதுவான மளிகை மொத்தக் கடைக்கு இவையே பொருத்தம்.

440சி வகையில் கார்பன் 1 சதவீதத்தை ஒட்டி, குரோமியம் 16 முதல் 18 வரை. கூர் நெடுநாள் நிற்கும். தீட்டுவது நம் பையன்களுக்குக் கடினம். வெறுமனே "440" என்று மட்டும் பொறித்திருந்தால் ஏ வகையா, பி வகையா, சி வகையா என்று கேளுங்கள். மூன்றும் ஒன்றல்ல.

கார்பனைக் குறைத்து நைட்ரஜன் சேர்த்த எஃகுகளும் வந்திருக்கின்றன. கடலில் வேலை செய்பவர்களுக்கு அவை அருமையானவை. சாக்குத் தையல் பிரிக்க அவ்வளவு பணம் போட வேண்டியதில்லை.

காந்தம் சொல்வது வேறு

பாத்திரக் கடையில் காந்தம் ஒட்டினால் மட்டமான சரக்கு என்று சொல்லிப் பழகிவிட்டோம். கத்திக்கு அந்தக் கணக்கு தலைகீழ். நம் விலைக்குக் கிடைக்கும் கத்திகளில், காய்ச்சித் தோய்த்து இறுக்கிய அலகில் காந்தம் ஒட்டும். ஒட்டாவிட்டால் அது பாத்திரத் தகட்டில் வெட்டி எடுத்தது என்று சந்தேகப்படலாம். ஒட்டிவிட்டது என்பதற்காகவும் நம்பிவிடக் கூடாது. வெறும் இரும்பின்மேல் முலாம் பூசியிருந்தாலும் ஒட்டும்.

ஆகவே மொத்தமாக வாங்குமுன் ஒரே ஒரு கத்தியை வாங்கிச் சோதியுங்கள். முதலில் லேசாகத் தீட்டி, உப்புநீரில் நனைத்த தாளை அலகில் சுற்றி ஓர் இரவு வையுங்கள். காலையில் தீட்டிய விளிம்பு முழுக்கச் சிவந்திருந்தால் அது முலாம். ஒன்றிரண்டு புள்ளி தெரிந்து, துடைத்தால் போய்விட்டால் குற்றமில்லை. பிறகு சணல் கயிற்றை இருபது தடவை அறுத்துவிட்டு ஒரு நாளிதழ்த் தாளை வெட்டிப் பாருங்கள். தாளைப் பிய்க்காமல் வெட்டினால் அந்தக் கத்தியைக் கொள்முதல் செய்யலாம். வெளியூர் வியாபாரி ஒருவர் "அசல் ஸ்டெயின்லெஸ்" என்று சத்தியம் செய்து கொடுத்த ஒரு டஜன் கத்திகள் என் கடையில் ஒரே மழைக்காலத்தில் பழுப்பேறிப்போயின. பெட்டியின் மேல் அச்சடித்த எழுத்து எதற்கும் உத்தரவாதம் அல்ல.

அளவும் பிடியும்

அலகு 3 அங்குலம் போதும். கனம் 2 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடலாம். நுனி கூராக இருக்கவேண்டியதில்லை. முதுகு வளைந்து இறங்கி மொட்டையாக முடிவதே உத்தமம். சுமை தூக்குகிறவர்கள் உரசிக்கொண்டு போகும் கிட்டங்கியில் கூர்நுனியால் வருவது வம்பு. மூட்டைக்குள் போய்ச் சரக்கைக் குத்துவதும் அந்த நுனிதான்.

பிடி மரத்தில் வேண்டாம். மரம் ஈரத்தைக் குடித்து ஊதிச் சுருங்கும். இரண்டு பக்கமும் பலகை வைத்து ஆணி அடித்த பிடியில், பலகைக்கும் எஃகுக்கும் நடுவில் உப்புநீர் தங்கி, வெளியே தெரியாமல் உள்ளே அரிக்கும். அலகோடு சேர்த்து வார்த்த பிளாஸ்டிக் பிடி நல்லது. அதிலும் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறம் பாருங்கள். கறுப்புப் பிடிக் கத்தி புளி மூட்டைக்குள் விழுந்தால் யார் கண்ணில் படும்? அது வாடிக்கையாளர் கண்ணில் பட்டால் நமக்கு என்ன பெயர் கிடைக்கும்?

தோல் உறை பார்க்கக் கம்பீரம்தான். ஆனால் வியர்வையையும் உப்பையும் உறிஞ்சி வைத்துக்கொண்டு கத்தியை அரிக்கும். அடியில் தண்ணீர் வடிய ஓட்டை உள்ள பிளாஸ்டிக் உறையை வாங்குங்கள். தலைகீழாகப் பிடித்து உதறினாலும் கத்தி விழக்கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும், அதன் கீழ் வந்த 2016ஆம் ஆண்டு விதிகளும் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. நாம் பேசுவது 3 அங்குலக் கத்தி. ஆனாலும் இரவில் ரோந்து வருகிற காவலர் கையில் ஸ்கேல் வைத்துக்கொண்டு வருவதில்லை. தடை உத்தரவு போட்ட நாட்களில் இன்னும் கண்டிப்பு. 144 என்று நாம் சொல்லிப் பழகிய பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 163 ஆகியிருக்கிறது. எண் மாறினாலும் கண்டிப்பு மாறவில்லை.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். ஆகையால் கத்தி கடையின் உடைமை என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் எண்ணிக் கொடுப்பது, இரவு பூட்டுமுன் எண்ணி ஆணியில் மாட்டுவது. கடைக்குள் இடுப்பில் இருக்கட்டும், தெருவுக்கு வரவேண்டாம். பஸ்ஸில் ஊருக்குப் போகும் பையன் மறந்துபோய் இடுப்பிலேயே கொண்டுபோனால், அவனுக்காக ஸ்டேஷனில் போய் நிற்கப்போவது நாம்தான்.

பராமரிப்பு

இரவில் நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, காய்ந்த பிறகு உறையில் போடச் சொல்லுங்கள். இரும்பு நார் போட்டுத் தேய்க்கக் கூடாது. அதன் துணுக்குகள் அலகில் ஒட்டித் துருவாகும். மண்ணெண்ணெயும் மெஷின் ஆயிலும் உணவுச் சரக்குக்கு ஆகாது. தடவித்தான் ஆகவேண்டுமென்றால் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும். தெருவில் வருகிற சாணைக்காரரிடம் பொறி பறக்கப் பிடிக்கவிட்டால் விளிம்பு சூடேறி நீலம் பாயும். பிறகு அந்தக் கூர் நிற்காது. தண்ணீர் விட்டுச் சாணைக்கல்லில் கையால் தீட்டுவதே நல்லது. தையல் மூட்டையைக் குத்திக் கிழிக்காமல், சங்கிலித் தையலின் சரியான முனையில் நூலை அறுத்து இழுக்கப் பையன்களுக்குக் கற்றுக்கொடுங்கள். சாக்கும் மிஞ்சும், கத்தியும் தேயாது, கையும் தப்பும்.

இத்தனையும் சில நூறு ரூபாய்ச் சரக்குக்காகவா என்று கேட்கலாம். ஒரு பையனின் விரல் நரம்பு அறுந்தால் ஆகும் ஆஸ்பத்திரிச் செலவு நமக்குத் தெரியாததல்ல. அந்த விரல் பழையபடி மடங்காமல் போனால் அதற்கு எந்தக் கல்லாவில் பணம் இருக்கிறது? சவர பிளேடில் பாதியைக் கொடுத்து வேலை வாங்குவது சிக்கனம் ஆகாது.

நமது சங்கத்துக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. ஹார்டுவேர், பாத்திர வியாபார உறுப்பினர்கள் எஃகின் வகையைப் பில்லில் எழுதிக் கொடுத்து இத்தகைய கத்தியை விற்க முன்வர வேண்டும். வாங்குகிறவர்களும் வகை எழுதாத கத்தியை வாங்குவதில்லை என்று உறுதியாக இருக்க வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.