சீட்டுக் காசுக்கு விசாரணை, கோடிக் காசுக்கு மரியாதை!



கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர் போன மாதம் நானுஓயாவிலிருந்து பஸ் ஏறி டவுன் வங்கிக்குப் போனார். 24 பேர் மாதம் 5,000 ரூபாப்படி கட்டிய சீட்டில் அவருடைய முறை வந்திருந்தது. கையில் 1,20,000 ரூபா. மகளின் கல்யாணத்துக்காகக் கணக்கில் போட நினைத்தார். "இந்தக் காசு எப்படி வந்தது? எழுதிக் கொடுங்கள்" என்றார்கள். சீட்டுக்கு ஏது ரசீது? நீட்டிய படிவத்திலும் தமிழ் இல்லை. காசை முந்தானையில் முடிந்துகொண்டு லயத்துக்கே திரும்பிவிட்டார்.

இதுதான் சட்டமா? 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதியியல் கொடுக்கல்வாங்கல்களை அறிக்கையிடல் சட்டத்தின் கீழ், பத்து இலட்சம் ரூபாவும் அதற்கு மேலுமான காசுக் கொடுக்கல்வாங்கல்களை வங்கி, மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். சந்தேகம் எழுந்தால் சிறிய தொகையையும் அறிவிக்க வேண்டும். அப்படியானால் எங்கள் கேள்வி இதுதான்: சீட்டுக் காசில் என்ன சந்தேகம்? காசிலா, கொண்டுவந்த ஆளிலா?

கணக்குப் பார்ப்போம். 2026 வரவுசெலவுத் திட்டம் அறிவித்த நாட்சம்பளம் 1,750 ரூபா. அதிலும் 200 ரூபா, வேலைக்கு வந்தால் அரசு தரும் ஊக்கத்தொகை. ஒரு சதமும் செலவழிக்காமல், ஒரு பிடி அரிசியும் வாங்காமல் சேர்த்தாலும் பத்து இலட்சத்தைத் தொட 572 நாள் வேலை செய்ய வேண்டும். மாதம் 25 நாள் பேர் விழுந்தாலும் வருட வருமானம் 5,25,000 ரூபாதான். வருமான வரியோ வருடம் 18 இலட்சத்தைத் தாண்டியவருக்குத்தான்.

ஆனாலும் வரி நம்மைத் தேடி வருகிறது. வைப்புப் பணத்தின் வட்டியில் 5 வீதம் வெட்டியவர்கள், 2025 ஏப்ரலிலிருந்து 10 வீதம் வெட்டுகிறார்கள். ஆயுள் முழுக்க உழைத்துப் பெற்ற சேமலாப நிதியை வங்கியில் போட்டு, அந்த வட்டியில் மருந்து வாங்கும் முதியவருக்கும் அதே வெட்டுத்தான். வருமானம் 18 இலட்சத்துக்குள் என்று சுய பிரகடனம் கொடுத்தால் வெட்டாமல் விடலாம். ஆனால் அதைக் கேட்கத் தெரிந்தவருக்குத்தான் கிடைக்கும். தெரியாதவர் இழக்கிறார்.

பெரிய இடத்தில் என்ன நடந்தது? 2015 பெப்ரவரி பிணைமுறி மோசடியில் பெரும் இழப்பு ஏற்பட்டது என்று ஜனாதிபதி ஆணைக்குழு சொன்னது. அப்போது மத்திய வங்கி ஆளுநராக இருந்த அர்ஜுன மகேந்திரன் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார். 2022 ஜூலை 9 அன்று கொழும்பு ஜனாதிபதி மாளிகைக்குள் ஒரு கோடியே 78 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா தாள் காசாகக் கிடைத்தது. அதை எண்ணிப் பொலிஸிடம் ஒப்படைத்தவர்கள் போராட்டக்காரர்கள். அந்த மாளிகை வாசலில் "இந்தக் காசு எப்படி வந்தது?" என்று அதுவரை எந்த அதிகாரி கேட்டார்?

கண்காணிப்பே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. போதைப் பொருள் காசு நம் பிள்ளைகளையும் கெடுக்கிறது. அதைப் பிடிக்கட்டும். ஆனால் ஏழையை வங்கி வாசலில் கூச வைத்தால், அவர் காசு லயத்துத் தகரப் பெட்டிக்குப் போகும். தீ வந்தால் அதுவும் சாம்பல். அவசரம் வந்தால் வட்டிக்காரன் கதவுதான். இதனால் கள்ளன் பிடிபட்டானா? இல்லை. வட்டிக்காரன் பிழைத்தான்.

எங்கள் கோரிக்கைகள்:

1. தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. நுவரெலியா மாவட்ட வங்கிகளில் எல்லாப் படிவமும் தமிழிலும் இருக்க வேண்டும்.

2. ஓய்வுபெற்ற தொழிலாளியின் சேமலாப நிதி வைப்பு வட்டியில், அவர் கேட்காமலே வரி வெட்டு நிறுத்தப்பட வேண்டும்.

3. சீட்டுக் கொப்பியையும் தோட்டச் சம்பளத் துண்டையும் வருமானச் சான்றாக ஏற்க வேண்டும்.

நாமும் சும்மா இருக்கக் கூடாது. சீட்டு நடத்துபவர்கள் கொப்பியில் திகதி போட்டு, எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். வைப்பு வைத்திருப்பவர்கள் வங்கிப் புத்தகத்தோடு தோட்டத் தலைவரிடம் வாருங்கள். சுய பிரகடனத்தை நிரப்பித் தருவது சங்கத்தின் வேலை.

நமக்குக் கணக்குக் காட்டப் பயமில்லை. செக்ரோலில் பேர் ஏறிய நாளிலிருந்து நம் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒவ்வொரு ரூபாவுக்கும் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை முதலில் மாளிகையில் கேளுங்கள், பிறகு லயத்துக்கு வாருங்கள்!